எந்த விரலால் குத்தும்?

சாப்பிடாத பிள்ளையின் கண்ணைச் சாமி குத்தும் என்கிறோமே, அது எந்தச் சாமி? பிள்ளையாரா, முருகனா, தோட்டத்து மாரியம்மனா? குத்துவது இடக்கண்ணையா, வலக்கண்ணையா? எந்த விரலால்? அரைத் தட்டு மீதம் வைத்தால் ஒரு கண், முழுத் தட்டையும் தள்ளிவிட்டால் இரண்டு கண் என்று ஏதாவது கணக்கு உண்டா? பருப்புச் சோற்றுக்கும் பாணுக்கும் ஒரே தண்டனையா? தலைமுறை தலைமுறையாக இதைச் சொல்லி வருகிறவர்களில் ஒருவராவது விவரம் சொன்னதில்லை.

எனக்கு இப்போது விவரம் வேண்டும். காரணம், கண்டியிலிருந்து எங்கள் ஹேவாஹெட்ட வீட்டுக்கு வந்துபோன ஒரு பெரியம்மா. தலாத்துஓயாப் பாதையின் வளைவுகளில் பஸ்ஸில் குலுங்கி வந்த களைப்பு ஆறுவதற்குள், சோறு ஊட்டிக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து குந்தினார். "ஏன்டி தங்கம், வாயத் தொற. சாப்புடாட்டி சாமி கண்ணக் குத்திப்புடும்" என்றார். மகள் வாயைத் திறந்தாள். நாலு கவளம் உள்ளே போயிற்று. "பாத்தியா, புள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லணும்" என்று எனக்கு ஒரு பாடமும் நடத்திவிட்டு, தேத்தண்ணி குடித்து, மாலை பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

அன்றிலிருந்து மகள் சாமித்தட்டைக் கடக்கும்போதெல்லாம் இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொள்கிறாள். எங்கள் சாமித்தட்டு இருப்பது குசினிக்குப் போகும் வழியில். கண்ணைப் பொத்திக்கொண்டு ஓடுகிற இரண்டரை வயதுப் பிள்ளைக்கு என்ன ஆகும்? பிரிட்ஜில் மோதினாள். அரிசி வாளியில் மோதினாள். கதவு நிலையில் மோதி நெற்றி புடைத்து, சித்தாலேப பூசிப் படுக்கவைத்தேன். சாமி இன்னும் யார் கண்ணையும் குத்தவில்லை. வீட்டுச் சாமான்கள்தான் ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டிருக்கின்றன.

சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமைப் பூசையை அமைதியாகச் செய்வது எப்படி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உருப்படியான யோசனைகள் கைவசம் இருக்கின்றன. அதற்கு வருகிறேன். அதற்கு முன் இந்தக் கண் விவகாரத்தை இரண்டு வரியில் முடித்துவிடுகிறேன்.

பள்ளியில் சைவநெறி படிப்பிக்கிறவள் நான். ஆகவே புராணங்களில் கண் சம்பந்தப்பட்ட வழக்குகளை எல்லாம் ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். பெரியம்மா பக்கமும் நியாயம் இருக்கலாம் அல்லவா?

சாமி ஒருவர் கண்ணைக் குத்தியது உண்மை. குத்துப்பட்டவர் சுக்கிராச்சாரியார். மகாபலி தானம் கொடுக்க நீர் வார்க்கப் போகிறான். வந்திருப்பது வாமனன் அல்ல, திருமால் என்று குருவுக்குத் தெரிந்துவிட்டது. அவர் வண்டாகிக் கமண்டலத்தின் மூக்கில் போய் அடைத்துக்கொண்டார். வாமனன் ஒரு தர்ப்பையை எடுத்துக் குத்த, ஒரு கண் போயிற்று. நன்றாகக் கவனிக்க வேண்டும்: தானத்தைத் தடுத்த குற்றம். குற்றவாளி வயதுவந்தவர், அசுரகுரு, சகல சாத்திரமும் படித்தவர். அவர் சாப்பிட்டாரா இல்லையா என்ற கேள்வியே அங்கே எழவில்லை.

அடுத்தது காகம். சித்திரகூடத்தில் இராமர் சீதையின் மடியில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தபோது வந்து சீதையைக் கொத்திய காகம். இராமர் ஒரு புல்லைக் கிள்ளி மந்திரம் சொல்லி ஏவினார். காகம் மூன்று உலகமும் பறந்து பார்த்தது; யாரும் அடைக்கலம் தரவில்லை; திரும்பி வந்து அவர் காலிலேயே விழுந்தது. ஒரு கண்ணோடு உயிர் தப்பியது. இங்கேயும் சோற்றுக்கும் தண்டனைக்கும் சம்பந்தம் இல்லை. காகம் சோற்றை மீதம் வைத்ததாக எந்த இராமாயணத்திலும் கிடையாது. காகம் எதையும் மீதம் வைக்காது. எனக்குப் புரியாதது இதுதான்: சாமியிடம் கண்ணைப் பறிகொடுத்த அந்தக் காகத்தைக் காட்டித்தானே நாம் ஊரெல்லாம் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுகிறோம்? "அந்தா பாரு காக்கா, ஆ காட்டு" என்று.

இரண்டு வழக்கிலும் ஆயுதம் புல். விரல் என்ற பேச்சே இல்லை. ஆக, தலைப்பிலுள்ள கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் இதோடு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

சுந்தரர் வழக்கு கொஞ்சம் சிக்கலானது. அவருக்கு இரண்டு கண்ணும் போயின. போகச் செய்தவர் சிவபெருமானேதான். எதற்காக? திருவாரூரில் பரவையார் இருக்க, திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்தார். உன்னைப் பிரிந்து போகமாட்டேன் என்று மகிழமரத்தடியில் சத்தியம் செய்தார். பிறகு திருவாரூர் ஞாபகம் வந்து கிளம்பிவிட்டார். ஊர் எல்லையைத் தாண்டியதும் பார்வை போயிற்று. பிறகு காஞ்சிபுரத்தில் இடக்கண், திருவாரூரில் வலக்கண் என்று தவணை முறையில் திரும்பக் கிடைத்தது. மனைவிக்குக் கொடுத்த சத்தியத்தை மீறினால் கண் போகும் என்பதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டாம். ஆனால் இதைச் சொல்லி எந்தப் பெரியம்மாவும் எந்தக் கணவனையும் பயமுறுத்தி நான் பார்த்ததில்லை. சத்தியம் மீறுகிறவன் நிம்மதியாகத் திரிகிறான். பருப்புச் சோற்றைத் துப்புகிறவள் கண்ணைப் பொத்திக்கொண்டு ஓடுகிறாள்.

கண்ணப்பர் வழக்கில் ஆபத்து வந்ததே சாமியின் கண்ணுக்குத்தான். காளத்தியில் இரத்தம் வழிந்த கண்ணுக்குப் பதிலாகத் தன் கண்ணைத் தோண்டி அப்பினார் வேடர். மற்றக் கண்ணிலும் வழிந்தது. அடையாளத்துக்குக் காலை ஊன்றிக்கொண்டு இன்னொரு கண்ணையும் தோண்டப் போனார். சாமி என்ன செய்தார்? கையைப் பிடித்துத் தடுத்தார். கண்ணைக் குத்தவிடாத சாமி அவர். இன்னொன்றும் உண்டு. கண்ணப்பர் இறைச்சியைத் தானே மென்று பார்த்து, நன்றாக இருந்ததை மட்டும் சாமிக்குப் படைத்தார். என் மகளும் பாதி கடித்த மாரி பிஸ்கட்டைப் பிள்ளையாரின் துதிக்கைக்குப் பக்கத்தில் வைப்பாள். "அய்யய்யோ எச்சில், பாவம் பாவம்" என்று அதைத் தட்டிவிட்டவரும் அதே பெரியம்மாதான். அறுபத்துமூவரில் ஒருவர் செய்தால் பக்தி, ஹேவாஹெட்டயில் ஒரு பிள்ளை செய்தால் பாவமா?

திருவீழிமிழலையில் ஆயிரம் தாமரையில் ஒன்று குறைந்தபோது திருமால் தன் கண்ணையே எடுத்து வைத்தார், சக்கரம் கிடைத்தது. மாசி மாதம் நம் தோட்டங்களில் காமன் கூத்து ஆடுகிறோமே, அதிலும் சிவனின் கண் மற்றவனை எரிக்கிறது. காமனின் கண்ணை யாரும் குத்தவில்லை. கண்பொத்தி விளையாட்டைத் தொடங்கிவைத்ததே உமையம்மை. சிவனின் கண்ணைப் பின்னாலிருந்து பொத்தினாள்; உலகமே இருண்டது. என் மகள் பொத்துவதில் இருளடைவது எங்கள் குசினி வழி மட்டும்.

கடைசி வழக்கைச் சொல்லி முடிக்கிறேன். பெரிய புராணத்தில் என் மகளுக்குக் கிட்டத்தட்ட ஒத்த வயதில் ஒரு பிள்ளை வருகிறது. சீர்காழிக் குளக்கரையில் அழுத மூன்று வயதுச் சம்பந்தர். அந்தப் பிள்ளைக்குச் சாமி என்ன செய்தார்? உமையம்மையிடம் சொல்லிக் கிண்ணத்தில் பால் கொடுக்கவைத்தார். பிறகு அங்கே ஒருவர் கோலை ஓங்கிக்கொண்டு வந்து, யார் கொடுத்த எச்சிற்பால் இது என்று மிரட்டினார். அது பிள்ளையின் அப்பா. சாமி ஊட்டினார், பெரியவர் மிரட்டினார். எல்லாப் புராணத்தையும் புரட்டி முடித்த பிறகு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: சோறு சாப்பிடாததற்காக இதுவரை ஒரு கண்ணும் போகவில்லை.

வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வருகிறேன். அதற்கு முன் ஒன்று.

சாமியை விட்டால் வேறு ஆள் இல்லை என்றால்கூட மன்னிக்கலாம். பிள்ளையைப் பயமுறுத்த நம்மிடம் ஆளுக்கா பஞ்சம்? பூச்சாண்டி இருக்கிறான். பக்கத்துச் சிங்கள வீட்டு ஆச்சி சாக்கு மனிதன் கோணிபில்லாவை இரவல் தருவார். அவன் எங்கள் பக்கத்தில் அவ்வளவாக எடுபடுவதில்லை. இங்கே இடுப்பில் சாக்குப் படங்கைக் கட்டிக்கொண்டு மாலையில் வீடு திரும்புவது கொழுந்தெடுக்கப் போன அம்மாமார்தான். ஊசி போடும் டொக்டர் இருக்கிறார். ஆனால் அவரைக் காட்டிப் பயமுறுத்துகிறவர்கள் கிளினிக்குக்கு வருவதில்லை. அங்கே பிள்ளையின் காலை அமுக்கிப் பிடிப்பது நான். பொலிஸ் இருக்கிறது. பொலிஸ் விஷயத்தில் மட்டும் நான் வாயைத் திறப்பதில்லை. சம்பள உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தில் 1940 ஜனவரி 10 அன்று முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் பொலிஸ் சூட்டில் செத்தது இதே ஹேவாஹெட்ட மலையில்தான். அந்தப் பயத்துக்காவது ஒரு வரலாறு இருக்கிறது. சாமி இங்கே யாரை என்ன செய்தார்?

செய்தது நாம்தான். சாமியைக் கங்காணி ஆக்கிவைத்திருக்கிறோம். பெரட்டுக்கு வராதவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அதட்டவும், கொழுந்து குறைந்தால் பேரை வெட்டவும், பிள்ளை பாதித் தட்டில் எழுந்தால் கண்ணைக் குத்தவும் ஒரு ஆள். இது இந்த மலையில் இன்று நேற்று வந்த குழப்பமும் அல்ல. பக்கத்து லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரைத் தோட்டத்து மக்கள் சாமித்துரை என்று அழைத்தார்களாம். 1892இல் அவர் இறந்தபோது, ஆள் மாற்றி ஆள் தூக்கிக்கொண்டு கண்டி மஹியாவ மயானம்வரை கால்நடையாகவே கொண்டுபோனார்கள் என்பார்கள். துரை சாமியாக உயர்ந்த ஊர் இது. சாமி கங்காணியாக இறங்கியதில் என்ன ஆச்சரியம்?

இத்தனைக்கும் நம் பாட்டன் பூட்டன்மார் சாமி விஷயத்தில் ஒழுங்காக வேலை பிரித்தவர்கள். தேயிலை வெட்டப் போகுமுன் கத்தியை வைத்துக் கும்பிடக் கவ்வாத்துச்சாமி. ஸ்டோரில் இயந்திரத்தில் யார் கையும் மாட்டிக்கொள்ளாமல் இருக்க ரோதைமுனி. கொழுந்துக்கு ஒரு சாமி, எல்லைக்கு ஒரு முனியாண்டி. ஒவ்வொருவருக்கும் அவரவர் வேலை. ஒருவர் மற்றவர் மலைக்குப் போவதில்லை. இவ்வளவையும் யோசித்தவர்கள், சோறூட்டுவதற்கென்று ஒரு சாமியைச் சொல்லிவைக்காமல் போனதால்தான் இன்று அகப்பட்ட சாமியை எல்லாம் அந்த வேலைக்கு இழுக்கிறோம். கண்டியில் தலதா மாளிகைக்குப் பக்கத்தில் பத்தினி தேவாலயம் இருக்கிறது. மதுரையையே எரித்த கண்ணகி அங்கே பத்தினித் தெய்வமாக இருக்கிறாள். ஒரு ஊருக்கே நியாயம் கேட்டவளை, மிச்சம் வைத்த கீரைக்குக் காவல் நிறுத்தலாமா?

பயமுறுத்துகிறவர்களின் பயமும் எனக்குத் தெரியாததல்ல. தோட்டப் பகுதிப் பிள்ளைகளுக்கு நிறை குறைவு என்பது ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் வந்துகொண்டே இருக்கும் செய்தி. கிளினிக்கில் தராசு தொங்கும். மிஸ்ஸி பதிவேட்டை விரித்துப் புள்ளி வைப்பார். புள்ளி பச்சைப் பட்டைக்குள் விழுந்தால் அம்மா வரிசையில் நிமிர்ந்து நிற்பாள். கொஞ்சம் கீழே இறங்கினால், "அம்மா என்ன கொடுக்குறீங்க? திரிபோஷ கொடுக்குறீங்களா? யார் சாப்பிடுறது?" என்று கேள்வி வரும். அப்பாவிடம் யாரும் கேட்பதில்லை. அவர் அங்கே இருப்பதில்லை. சாமி கண்ணைக் குத்தும் என்று பிள்ளையைப் பார்த்துச் சொன்னாலும், பயந்து நடுங்குவது தட்டைக் கையில் வைத்திருப்பவள்தான். சாமி மனது வைத்தால் குத்தாமல் விடுவார். தராசு விடாது.

இனிமேல் உண்மையிலேயே வெள்ளிக்கிழமை.

எங்கள் வீட்டில் விளக்கேற்றுவது நான். ஏற்றியதும் மகள் ஓடிவந்து ஊதி அணைப்பாள். அவளைப் பொறுத்தவரை, சுற்றி நின்று கைதட்டும்போது தீ எரிந்தால் அதை ஊத வேண்டும். பிறந்தநாளில் அப்படித்தானே பழக்கினோம்? ஊதிவிட்டுப் பிள்ளையாருக்கு வாழ்த்தும் பாடுவாள். விபூதியை நெற்றியில் பூசினால் நாக்கை நீட்டுவாள். மணியை அவள் கையில் கொடுத்தால் பூசை முடிந்தும் மணி ஓயாது. கொடுக்காவிட்டால் அழுகை ஓயாது. நைவேத்தியத்துக்கு வைத்த மோதகத்தைச் சாமிக்கு முன்பே தொட்டுவிடுவாள். சோற்றுக்குத் திறக்காத வாய் மோதகத்துக்குத் தானாகத் திறக்கும். அந்த நேரம் சாமி கண்ணைக் குத்தும் என்று நினைவூட்ட ஒருவரும் இருப்பதில்லை.

நடுவே நான் தேவாரம் பாட வேண்டும். ஒரு பதிகத்தை முழுதாகப் பாடி எத்தனை காலமாயிற்றோ. முதல் அடி பாடும்போது கற்பூரத் தட்டு நகரும். இரண்டாம் அடியில் குங்குமம் கொட்டும். மூன்றாம் அடியை "வேணாம் பாப்பா, சுடும்" என்ற சொற்களைச் செருகித்தான் பாட முடியும். நால்வரில் ஒருவருக்காவது இப்படி ஓர் அனுபவம் இருந்திருக்குமா? ஊர் ஊராக நடந்து பாடியவர்கள். யார் இடுப்பிலும் பிள்ளை இல்லை. காரைக்கால் அம்மையார் பேய் வடிவம் கேட்டு வாங்கிய காரணம் எனக்கு இப்போதெல்லாம் நன்றாக விளங்குகிறது.

கோயிலிலும் இதே கதைதான். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் ஒருவர் குனிந்து, "எங்க, சாமி கும்புட்டுக் காட்டு" என்பார். பிள்ளை கும்பிடாது. இன்னொருவர் வந்து அதையே கேட்பார். பிள்ளை முகத்தை என் தோளில் புதைக்கும். "புள்ளைக்கு வீட்ல பழக்கலையா?" என்று என்னைப் பார்ப்பார்கள். கைகூப்பிக் காட்டுவது என்ன, கிளினிக்கில் வாயைத் திறந்து பல்லைக் காட்டுவது மாதிரியா? கேட்டவர்களில் ஒருவராவது தாங்கள் கும்பிட்டதைப் பிள்ளை பார்க்கும்படி ஒரு நிமிடம் கண்மூடி நின்றதில்லை. உள்ளே போனதும் வீட்டு விலை, மாப்பிள்ளை, கொழும்பில் வேலை.

கண்மூடி நிற்பதென்றால் இவர் நிற்பார். என் வீட்டுக்காரரின் பக்தியைப் பற்றி ஊரில் நல்ல பெயர். கண்டிக்குப் போனால் கட்டுக்கலைப் பிள்ளையாரைக் கும்பிடாமல் திரும்பமாட்டார். கைகூப்பிக் கண்மூடினால் உலகமே மறந்துவிடும். மணி ஒலித்தாலும் அசையமாட்டார், மகள் அவர் சாரத்தைப் பிடித்து இழுத்தாலும் அசையமாட்டார், அவள் உண்டியல் மேல் ஏறினாலும் அசையமாட்டார். "எவ்வளவு பக்தி பாருங்க" என்று பக்கத்தில் நிற்பவர்கள் சொல்வார்கள். அவருடைய பக்தி முழுதும் என் இடுப்பில் உட்கார்ந்து என் தலைமுடியைப் பிய்த்துக்கொண்டிருக்கும். பிள்ளையை ஒருவர் பிடித்துக்கொண்டால் யாருக்குத்தான் பக்தி வராது? தீபாராதனை முடிந்து கண்ணைத் திறப்பார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. "நல்லா இருந்துச்சில்ல?" என்பார். நான் பார்த்தது ஒரு தூண், ஒரு வாளி, யாரோ ஒருவருடைய முதுகு.

எனக்கு அப்படி என்ன பெரிய வேண்டுதல் இருக்கிறது? வீடு, வாகனம், வெளிநாடு எதுவும் இல்லை. ஒரு பதிகத்தை முதலிலிருந்து கடைசிவரை, நடுவில் "சுடும்" போடாமல் பாட வேண்டும். அதற்கு ஒரு கால்மணி நேரம் வேண்டும். அவ்வளவுதான்.

ஆகவே வரும் வெள்ளிக்கிழமை இவருக்குப் பிள்ளை, எனக்குத் தேவாரம். கண்ணை மூடுவது என் முறை. உண்டியலைப் பார்த்துக்கொள்வது அவர் முறை. இதை இவரிடம் இன்னும் சொல்லவில்லை. கட்டுரையை வாசித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் விட்டிருக்கிறேன். நான் எழுதுவதை அவர் வாசிப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை காலையில் பிள்ளையைக் கையில் கொடுக்கும்போது தெரிந்துகொள்வார்.